வெளிநாட்டில் பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் நாங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு குறைவு. எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வருகிறவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதைப்பது பெரும்பாலும் ரொறன்ரோவையும் பாரிஸையும் லண்டனையும் பற்றித்தான். கலியாணம், கோயில், காணி, கட்சி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியபடி வரும். அங்கே பெற்றோர் கேட்ட கேள்விகளையும், ஆவணி மாதம் ஊருக்கு வரும் பிள்ளைகள் கேட்ட சிலவற்றையும் எடுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் பொதுவானதை மட்டுமே சொல்கிறேன். காணி உறுதிப் பத்திரத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் காணி விஷயத்தில் எதுவும் செய்யாதீர்கள்.

எங்கள் ஆட்கள் வெளிநாடு போனது 83க்குப் பிறகுதானே?

இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அது தொடங்கிவிட்டது. மலாயாவில் ரெயில் பாதை போட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரருக்கு ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்களும் நில அளவையாளர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தேவைப்பட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த எங்கள் பெடியன்கள் கப்பலேறினார்கள். பென்சன் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் கட்டிய வீடுகள் வலிகாமத்தில் இன்னும் நிற்கின்றன. அங்கேயே தங்கியவர்கள் சாமியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கோலாலம்பூர் ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயிலும், சிங்கப்பூர் சிலோன் வீதிச் செண்பக விநாயகர் கோயிலும் அப்படி வளர்ந்தவை.

அரசியலும் கூடவே போனது. வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த எஸ். இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர். அந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லும் உறுதிமொழியை 1966இல் எழுதியவரும் அவர்தான். அவருடைய ஆளுங்கட்சியை எதிர்த்து 1981இல் அன்சன் தொகுதி இடைத்தேர்தலில் வென்று, எதிர்க்கட்சிக்காரராகப் பாராளுமன்றத்துக்குள் போன ஜே.பி. ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கிறிஸ்தவர். ஒரு சின்னக் குடாநாட்டின் பிள்ளைகள் இன்னொரு நாட்டில் எதிரெதிர் வரிசையில் இருந்தார்கள். புலம்பெயர்ந்த தமிழர் எல்லாரும் ஒரே மாதிரித்தான் நினைப்பார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு பேரும்தான் ஞாபகம் வரும்.

பிறகு வந்தது வேறு கதை. 1956 சிங்களம் மட்டும் சட்டம், 1958 கலவரம், 70களில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல், 1977 கலவரம், யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981, கடைசியில் 1983 ஜூலைக் கலவரம். 60களில் படிக்கவும் வேலைக்கும் லண்டன் போனவர்கள் பெட்டியும் சான்றிதழும் கொண்டு போனார்கள். 80களில் போனவர்கள் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து அகதி என்று சொன்னார்கள். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்த இரண்டு தலைமுறைக்கும் இடையில் இன்றும் ஒரு விலகல் உண்டு. உங்கள் பெரியப்பாவின் மகனும் சின்னம்மாவின் மகனும் லண்டனில் பக்கத்து வீதிகளில் இருந்தும் பழகாமல் இருந்தால் காரணத்தை அங்கே தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். புத்தளத்தில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்த ஊர்தான் ஊர். ஊரை விட்டுப் போனவர்களின் கதையில் அவர்களை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

மகன் ஸ்காபரோவில் தேர்தல் நேரம் வீடு வீடாகப் போகிறான். வேலையும் பிள்ளைகளும் இருக்க இது எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பயம். எங்கள் தலைமுறைக்கு அரசியல் என்றால் இரவில் கதவு தட்டப்படுவது, பிள்ளையை எங்கேயாவது அனுப்பிவிடுவது. அந்தப் பிள்ளை போன இடத்தில் அரசியல் என்பது பள்ளிக்கூடத்துக்குக் காசு வருவது, பஸ் ஓடுவது, அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்வதற்கான விதி மாறுவது. விசாக் கோப்பு இழுபட்டால் உங்கள் மகன் போய் நிற்பது தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில்தான். அங்கே ஓடித் திரிவதற்கு அவனுக்குக் காரணம் இருக்கிறது.

எல்லாத் தமிழரும் ஒரே கட்சிக்குத்தான் வேலை செய்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ராதிகா சிற்சபைஈசன் 2011இல் புதிய ஜனநாயகக் கட்சியில் வென்றார். 2015இல் வென்ற ஹரி ஆனந்தசங்கரி லிபரல் கட்சி. 2023இல் அமைச்சரவைக்குள் போய், 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். 2018இல் ஒன்ராறியோ மாகாண சபைக்குத் தெரிவான லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் கொன்சர்வேற்றிவ் கட்சி. இதில் ஹரியின் தகப்பன் வீ. ஆனந்தசங்கரி இங்கே தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவராக இருந்தவர். ஒரே குடும்பத்தில் தகப்பனின் அரசியல் கிளிநொச்சியில், மகனின் அரசியல் ஒட்டாவாவில்.

நோர்வேயில் ஹம்சாயினி குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் போனவர். 2011இல் உத்தோயா தீவில் தொழிற்கட்சி இளைஞர் முகாமில் நடந்த படுகொலையிலிருந்து நீந்தித் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். போருக்குத் தப்பிப் போன வீட்டுப் பிள்ளை அங்கேயும் துப்பாக்கியைக் கண்டது. அதற்குப் பிறகும் அரசியலை விடவில்லை. லண்டனில் பிறந்த உமா குமரன் 2024இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனார். உங்கள் மகன் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறான் என்றால் கவலைப்படாதீர்கள். எந்தக் கட்சி, ஏன் அந்தக் கட்சி என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அவர்கள் அங்கே இருந்துகொண்டு எங்களுக்காகச் செய்தது என்ன?

நிறைய. 2009இல் வன்னியில் செல் விழுந்துகொண்டிருந்தபோது லண்டனில் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை இருந்தார்கள். மே 10ஆம் திகதி ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். குழந்தை வண்டிகளோடு தாய்மார் றோட்டில் நின்றார்கள். போர் நிற்கவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் அரசியலுக்குள் வந்தது அந்த நாட்களில்தான்.

அதே 2009 மே மாதம் தொடங்கி, தனித் தமிழீழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை வைத்து நோர்வே, பிரான்ஸ், கனடா, சுவிஸ், பிரித்தானியா என்று நாடு நாடாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2010இல் நாடு கடந்த தமிழீழ அரசாங்கத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். 2021இல் ஒன்ராறியோ மாகாணம் தமிழினப் படுகொலை கல்வி வாரச் சட்டத்தை நிறைவேற்றியது.

எனக்கு மிகவும் பெரிதாகப்படுவது இது: 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்காக இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது. அதே ஜனவரியில் கனடாவின் பிரம்ரன் நகரசபை தங்கள் ஊரில் ஒரு தூபி கட்ட முடிவெடுத்தது. 2025 மே மாதம் சிங்குவாகூசிப் பூங்காவில் அது திறக்கப்பட்டது. இங்கே மாணவர்கள் பட்டினி கிடக்காமல் இருந்திருந்தால் இங்கே தூபி இல்லை. அங்கே நகரசபைக்கு வாக்களிக்கிற தமிழர் இல்லாமல் இருந்திருந்தால் அங்கே தூபி இல்லை.

அப்படியென்றால் அவர்கள் சொல்லும் ஆளுக்குத்தான் நாங்களும் வாக்குப் போட வேண்டுமா?

வேண்டாம். இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். தேர்தல் வந்தால் சில வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து கோல் வருகிறது, “இந்த முறை இவருக்குப் போடுங்கோ” என்று. காசு அனுப்புகிற பிள்ளை சொல்லும்போது மறுக்கத் தாய்க்குச் சங்கடம். ஆனால் வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது வரிசையில் நிற்பது நீங்கள். காணியை இராணுவம் விடாமல் வைத்திருந்தால் அந்தக் கம்பி வேலியைத் தினமும் பார்ப்பதும் நீங்கள்.

2024இல் நடந்ததைப் பாருங்கள். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்து 26 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். இரண்டு மாதம் கூடக் கழியவில்லை, பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தெற்கிலிருந்து வந்த கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்தது. வெளிநாட்டில் பலருக்கு அது அதிர்ச்சி. “எப்படி மனம் வந்தது?” என்று கேட்டார்கள். ஊழல், வேலை, போதைப்பொருள், தமிழ்க் கட்சிகளின் பிளவு என்று இங்கே அன்றாடம் கண்டதை வைத்துச் சனம் முடிவெடுத்தது. அந்த முடிவு சரியா பிழையா என்று வாதிடலாம். எடுக்கும் உரிமை யாருடையது என்பதில் வாதமில்லை.

ஆசனக் கணக்கும் எங்களைப் பற்றி ஒன்று சொல்கிறது. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. பதிவு செய்த வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் ஆசனம் பிரிக்கிறார்கள். போனவர்கள் போனபோது பாராளுமன்றத்தில் எங்கள் கதிரைகளும் குறைந்தன. வெளிநாட்டிலிருந்தபடியே இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழி இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றம் போவதை 2015இல் 19ஆம் திருத்தம் தடுத்தது, 2020இல் 20ஆம் திருத்தம் விட்டது, 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் தடுத்தது.

ரெலிபோனில் அரசியல் கதைக்கப் பயமாக இருக்கிறது. சரியா?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை வீடுகள் அலைந்தன என்று எல்லாருக்கும் தெரியும். 2014இல் அரசு 400க்கு மேற்பட்ட தனி ஆட்களையும் பல புலம்பெயர் அமைப்புகளையும் தடைப்பட்டியலில் போட்டது. 2015இல் சில பெயர்கள் எடுக்கப்பட்டன, 2021இல் திரும்பச் சேர்க்கப்பட்டன, 2022இல் மறுபடி சில எடுக்கப்பட்டன. பிள்ளை அங்கே ஒரு அமைப்பில் இருந்தால் அது இப்போது பட்டியலில் இருக்கிறதா என்று ஊருக்கு ரிக்கற் போட முன் பார்க்கச் சொல்லுங்கள். புலிகள் இயக்கம் பிரித்தானியாவில் 2001இலும் கனடாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2006இலும் தடை செய்யப்பட்டதையும் அவர்கள் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் இன்னும் 2009இலேயே நிற்கிறார்களே?

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாங்கள் இங்கே போருக்குப் பிறகு வீட்டைத் திருத்தினோம், கோயில் திருவிழாவைத் திரும்ப நடத்தினோம், பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்து அழுதோம். அவர்களில் பலர் தம்பியின் உடலைப் பார்க்கவில்லை, தகப்பனின் செத்த வீட்டுக்கு வரவில்லை. அகதி விசாவில் இருந்ததால் வர முடியவில்லை. துக்கத்தை முடித்து வைக்கிற எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்த மே 18இல் கஞ்சி காய்ச்சுவதும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் விளக்கு ஏற்றுவதும் அவர்களுக்கு அரசியல் மட்டுமல்ல, அந்தியேட்டியும் அதுதான். இங்கேயும் எல்லாருக்கும் முடிந்துவிடவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் ஏன் இவ்வளவு கோயில் கட்டுகிறார்கள்?

தமிழ் கேட்கும் இடம், சோறு கிடைக்கும் இடம், பிள்ளைக்கு வரன் பார்க்கும் இடம், புதிதாக வந்தவன் வேலை விசாரிக்கும் இடம் எல்லாம் கோயில்தான். தொடக்கத்தில் ஒரு நிலக்கீழ் அறையில் சுவாமி படம் வைத்துத் தொடங்கினார்கள். பிறகு பழைய தொழிற்சாலை, பழைய தேவாலயம். அதற்குப் பிறகுதான் கோபுரம்.

ஜேர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் இருப்பது தொழிற்சாலைகளுக்கு நடுவில். வீட்டுக்காரரின் முறைப்பாடு இல்லாமல் தேர் இழுக்க அப்படி ஒரு இடம்தான் சரிப்பட்டது. கடல் இல்லை, கேணி இல்லை, ஆகவே தீர்த்தம் ஆடுவது பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாயில். பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர் லா சப்பல் பகுதியைச் சுற்றி வரும்போது கடைக்காரர் வீதியில் தேங்காய் குவித்து உடைப்பார்கள். லண்டனில் விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இலும் ஹைகேற் முருகன் கோயில் 1986இலும் வந்தவை.

மாறியவையும் உண்டு. தேர் எந்த நட்சத்திரத்தில் வந்தாலும் சனி ஞாயிறுக்கு இழுத்துவிடுவார்கள், லீவு கிடைக்காது. மகோற்சவம் கோடையில்தான், பனியில் சுவாமி வெளியே வர முடியாது. கோயில் ஒரு பொதுத் தொண்டு நிறுவனமாகப் பதிவாகும், நிர்வாகக் கூட்டம் நடக்கும், கணக்குக் காட்ட வேண்டும். சில இடங்களில் நிர்வாகச் சண்டை நீதிமன்றம் வரை போகிறது என்பதும் உண்மை.

எனக்கு மிகவும் பிடித்தது சுவிஸின் பேர்ண் நகரம். 2014 டிசம்பரில் அங்கே மதங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் திறந்தார்கள். ஒரே கூரையின் கீழ் எங்கள் சைவக் கோயில், பள்ளிவாசல், விகாரை, கிறிஸ்தவ ஆலயம். அங்கே சைவநெறிக்கூடம் தமிழிலேயே பூசை செய்கிறது, பெண்களும் பூசை செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் கருவறைக்குள் நிற்பதை நாங்கள் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு வருத்தம்.

பேரனுக்கு ஒரு தேவாரம்கூடத் தெரியாது. யாரைக் கேட்பது?

யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். ஜேர்மனியில் தமிழாலயம், பிரான்சில் தமிழ்ச்சோலை, நோர்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் என்று வார இறுதிப் பள்ளிகளை நடத்துவதற்குப் பெரியவர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுக்கிறார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் மொழி வராது. வீடியோ கோலில் “தோடுடைய செவியன் பாடு பாப்பம்” என்று பரீட்சை வைத்தால் அடுத்த முறை பிள்ளை கமராவுக்கு முன்னால் வராது. ஒரு வரியை நீங்கள் பாடுங்கள், அதைப் பாடிய சம்பந்தர் அழுதுகொண்டு நின்ற குளக்கரைக் கதையைச் சொல்லுங்கள். கதை கேட்க வரும் பிள்ளை வரியையும் எடுத்துக்கொள்ளும்.

மகள் அங்கே ஒரு சபைக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். எங்கள் வீடு பரம்பரைச் சைவம்.

இது இங்கே பல வீடுகளில் இரவில் அழுகிற விஷயம். கோபத்துக்கு முன் இரண்டு விஷயங்களை வையுங்கள்.

முதலாவது, அங்கே அவள் எப்படி இருந்தாள் என்பது. புருஷன் இரவு வேலை, மொழி தெரியாது, கைக்குழந்தை, ஆறு மாதம் இருட்டு. அந்த நேரம் வீட்டுக் கதவைத் தட்டி, சாப்பாடு கொண்டு வந்து, வைத்தியரிடம் கூட்டிப் போனவர்கள் ஒரு தமிழ்ச் சபைக்காரராக இருந்திருக்கலாம். எங்கள் கோயில்களுக்கு மணி அடிக்கத் தெரியும், அர்ச்சனை செய்யத் தெரியும். தனியாக இருக்கும் ஒருத்தியை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை அவை இன்னும் வளர்க்கவில்லை.

இரண்டாவது, யாழ்ப்பாணம் எப்போதும் ஒரு மதத்து ஊராக இருந்ததில்லை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கத்தோலிக்கர், 1816இலிருந்து அமெரிக்க மிஷன். ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கோயிலுக்கும் ஒரு கிளை தேவாலயத்துக்கும் போவது இங்கே புதிதில்லை. மடு மாதா திருவிழாவுக்குப் போகாத சைவர் எத்தனை பேர்? அதே பழக்கத்தில்தான் ஜேர்மனியின் கேவலார் மாதாவிடம் ஓகஸ்டில் தமிழ்க் கத்தோலிக்கரோடு சைவரும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள்.

மகள் உங்கள் படையலைத் தொட மாட்டேன் என்று சொன்னால் வலிக்கும். அந்த வலியை அவளிடம் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன சில வீடுகளை எனக்குத் தெரியும். மதம் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை.

மகன் வேற்று நாட்டுப் பெண்ணை விரும்புகிறான். ஊர் என்ன சொல்லும்?

ஊர் இப்போது அதற்குப் பழகிவிட்டது. நல்லூர் வீதியில் சேலை கட்டி வரும் வெள்ளைக்கார மருமகளை எல்லாரும் ஆசையாகப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஊர் பழகாதது வேறொன்று: மகன் தமிழ்ப் பெண்ணைத்தான் கொண்டு வருகிறான், ஆனால் அவளுடைய தாய் தகப்பன் எந்த ஊர், எந்தக் குறிச்சி என்று கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது.

வெளிப்படையாகச் சொல்கிறேன், அது சாதி. 1957இல் சாதியைக் காட்டி ஒதுக்குவதற்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியாரை உள்ளே போக விடாமல் மறித்தார்கள், அடித்தார்கள். போர்க் காலத்தில் சாதியைப் பற்றி வெளியே பேசுவது குறைந்தது, கலியாணப் பேச்சில் அது குறையவில்லை. இப்போது அது ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் ரெலிபோனில் போகிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது. “அம்மா ஏன் வேண்டாம் என்கிறா?” என்று கேட்டால் தகப்பன் ஜாதகம் சரியில்லை என்று பொய் சொல்கிறார். இனவாதத்துக்கு எதிராக ஊர்வலம் போகும் பிள்ளையின் வீட்டிலேயே இது நடக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் நியாயமான காரணம் ஒன்றுமில்லை என்றால், தடுக்காதீர்கள்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இங்கிருந்து பெண் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவன் அங்கே செய்யும் வேலை, கடன், முன்பு பதிவுக் கலியாணம் ஏதும் நடந்ததா என்பதை அங்கிருக்கும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் விசாரியுங்கள். ஸ்பொன்சர் சரிவர மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். அதுவரை பெண் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பாள். அவளுடைய படிப்பை நிறுத்தாதீர்கள்.

சாமத்திய வீட்டை (பூப்பு நீராட்டு விழாவை) அங்கே ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்கிறார்கள்?

கொடுத்த மொய்யைத் திரும்ப வாங்க, சொந்தத்தை ஒரு இடத்தில் பார்க்க, தாங்களும் முன்னுக்கு வந்துவிட்டோம் என்று காட்ட. பிள்ளைக்கு விருப்பமா என்று முதலில் கேட்கட்டும்.

மாதா மாதம் அனுப்பிய காசு குறைந்துவிட்டது. மருமகள்தான் காரணமா?

பெரும்பாலும் வீட்டுக் கடனும் வட்டியும்தான் காரணம். இரண்டு வேலை செய்த மகனுக்கு இப்போது 50 வயது, முதுகு வலி. அங்கேயும் பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவு தொடங்கியிருக்கும். நிலைமையைக் கேட்டால் சொல்லுவான். கேட்காமல் மருமகளைக் குற்றம் சொன்னால் அவனும் வாயை மூடிவிடுவான்.

வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாறும் உண்டியலில் அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். 2022இல் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தபோது நிறையப் பேர் அப்படித்தான் அனுப்பினார்கள். அது சட்டத்துக்கு வெளியே. காசு தொலைந்தால் கேட்க ஆளில்லை. காணி வாங்கும்போதும் விசாவுக்குக் காட்டும்போதும் காசு எப்படி வந்தது என்று கேட்டால் காகிதம் இருக்காது. வங்கியால் அனுப்பச் சொல்லுங்கள்.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அனுப்பும் காசு பற்றி ஒரு வார்த்தை. கோபுரத்துக்கு இன்னொரு தட்டு, தேருக்கு இன்னொரு சிற்பம் என்று பணம் வருகிறது. நான் சைவன், கோபுரம் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கோயில் வீதியிலேயே கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடமும், பெண் தலைமையில் நடக்கும் வறிய வீடுகளும் இருக்கின்றன. காசு அனுப்புகிறவர் அங்கிருந்து இதைப் பார்க்க முடியாது. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். கோயில் சபையில் இருந்துகொண்டு சொல்லாமல் விடுகிறோம்.

காணியைப் பிள்ளைகளுக்கு எழுதலாமா? அவர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள்.

2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உரித்தாளிக்கு முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) போவதற்கும் விலக்கு உண்டு. இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை போய்விடும், விண்ணப்பித்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பதைப் பலர் காணி எழுதும் நாளில்தான் அறிகிறார்கள்.

எங்களுக்கு யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையும் இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தது, 1911 கட்டளைச் சட்டத்தால் திருத்தப்பட்டது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது) என்ற பிரிவுகள் இன்றும் நீதிமன்றத்தில் செல்லும். தேசவழமைக்கு உட்பட்ட கலியாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கூட்டுக் காணி என்றால் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. கணவர் பாரிஸில், பங்காளி சிட்னியில் இருந்தால் ஒரு கையெழுத்துக்கே மாதக்கணக்கில் ஓடும்.

ஆளில்லாத காணியில் இன்னொருவர் 10 வருடம் தடையில்லாமல் இருந்தால் ஆட்சியுரிமை கேட்கலாம். போரினால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது அது. அதற்குப் பிறகு கடந்த வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை நம்பிக்கையான ஆளுக்கு, எந்தக் காணி, என்ன அதிகாரம் என்று குறிப்பாக எழுதிக் கொடுங்கள். வேலியை வருடா வருடம் அடையுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோலில் வைத்துக் கதைத்துவிடுங்கள். செத்த வீட்டுக்கு ஒன்றாக வந்து, காணிக்காகப் பேசாமல் பிரிந்து போன சகோதரங்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

நாங்கள் அங்கே போய் இருக்கலாமா, இங்கேயே இருக்கலாமா?

பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் 5 வருடம் வரை நிற்கலாம். மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். போய் ஒரு பனிக்காலம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் பேரப்பிள்ளை வரும் வரை காத்திருப்பது எல்லாராலும் முடியாது. இங்கே தனியாக இருந்தால் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் எட்டிப் பார்க்க ஏற்பாடு வேண்டும். முதியோர் இல்லம் என்றால் அவமானம் என்று நினைக்கிற காலம் போக வேண்டும்.

மகன் வர முடியாவிட்டால் கொள்ளி வைப்பது யார்?

மகள் வைக்கலாம், பேரன் வைக்கலாம், உங்களைக் கடைசி வரை பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வைக்கலாம். இப்போது செத்த வீடுகளில் நேரலை போடுகிறார்கள், அங்கே மகன் தனியாக ஒரு திரைக்கு முன்னால் அழுகிறான். அவனுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கும்படி உறவினருக்குச் சொல்லிவிடுங்கள். அந்தியேட்டிக்கு வரட்டும், கீரிமலையில் அஸ்தி கரைக்கட்டும். உடலை நாட்கணக்கில் வைத்துக் காத்திருப்பதை விட அது நல்லது.

பேரப்பிள்ளைகள் நல்லூருக்கு வருகிறார்கள். என்ன சொல்லி வைக்க வேண்டும்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள். தேர் 24ஆம் நாள், அடுத்த நாள் தீர்த்தம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே விமானம் இருப்பதால் கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வரத் தேவையில்லை. உள்ளே போக ஆண்கள் மேலுடுப்பைக் கழற்ற வேண்டும் என்பதைப் பதின்ம வயதுப் பையன்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் வெட்கப்பட்டுத் திரும்பி விடுவார்கள். அர்ச்சனைச் சீட்டு இன்னும் 1 ரூபாதான். பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே சீட்டு, அதே வரிசை என்பதைக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

அவர்கள் கேள்வி கேட்பார்கள். ஏன் இந்த வீட்டுச் சுவரில் ஓட்டைகள், ஏன் அந்த வளவு பற்றையாகக் கிடக்கிறது, இந்தப் படத்தில் இருக்கும் மாமா எங்கே என்று. எங்கள் தலைமுறை “அதை விடு மேனை” என்று சொல்லிப் பழகிவிட்டது. விடாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், எந்த வருடம் என்று சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் எழுதும் கட்டுரைக்கு அந்தப் பெயரும் வருடமும் தேவைப்படும்.

தேர் அன்று விடியப்புறமே புறப்படுங்கள். வீதிகளை மறித்துவிடுவார்கள், ஓட்டோ கோயிலடிக்குப் போகாது. சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் இலக்கத்தை எழுதி வையுங்கள்.